சட்ட ஆசிரியர்கள் எழுதிய ஆய்வு நூல்கள்: எங்கள் வாசிகசாலைக்கு எவற்றை வாங்கலாம்?

பாலையூற்று வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குச் சட்ட நூல்கள் வாங்குவதற்கென்று, வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் ஒரு தொகையைத் தந்திருக்கிறார். சட்டமாணிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன் என்பதால், எந்த நூல்களை வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. தொகை பெரிதல்ல, ஏழெட்டு நல்ல நூல்களுக்குத்தான் போதும். ஆகவே ஒரு நூலில் பிழைவிட்டாலும் அது பெரிய இழப்பாகிவிடும்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பரீட்சைக்கான வினா விடைத் தொகுப்புகளும் சுருக்கக் குறிப்புகளுமே. எங்கள் விரிவுரையாளர்களோ, பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர்கள் எழுதிய ஆய்வு நூல்களைப் படிக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் குறிப்பிடும் நூல்களிற் பல 1970களில் வெளிவந்தவை. அதன் பின்னர் அரசியலமைப்பே மாறிவிட்டது. எத்தனையோ புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அப்படியிருக்க, அரை நூற்றாண்டு பழைய சட்ட நூலை இன்று பணம் கொடுத்து வாங்குவது முறையா? ஒரு நூல் ஆய்வு நூல்தான் என்பதை வாங்கும் முன்னரே எப்படி அறிவது? எங்கள் வாசிகசாலைக்கு மாணவர்கள் மட்டுமல்லர், காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மனத்திற் கொண்டு அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

உவர்மலைச் சட்டத்தரணி:

அன்புள்ள பிள்ளைக்கு, நீங்கள் கேட்ட கேள்வியை நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குள்ளேயே பல தடவை கேட்டிருக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொழிலுக்காக எழுதப்படும் சட்ட நூல், ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு, பிரிவு பிரிவாக, எந்த வழக்கில் எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைக் கோத்துத் தரும். அது மிகவும் பயனுள்ளது. ஆனால் அந்தச் சட்டம் நீக்கப்படும் நாளிலேயே அந்த நூலும் பெரும்பாலும் முடிந்துவிடும். சட்டம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் உழைத்து எழுதும் நூலில் கேள்வியே வேறு. இந்த விதி எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி அமைந்தது, நீதிமன்றம் அதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டதா என்பவையே அங்கே ஆராயப்படுகின்றன. அத்தகைய நூலுக்கு வயது ஏறுவதனால் மட்டும் மதிப்பு இறங்குவதில்லை.

இதற்கு நான் தரக்கூடிய மிகச் சிறந்த சான்று எங்கள் நீதிமன்றங்களிலேயே இருக்கிறது. யொஹான்னஸ் வூட் என்பவர் ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய பெருநூல் 1698க்கும் 1704க்கும் இடையில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர், ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையிலிருந்த சட்டங்களே தொடரும் என 1799ஆம் ஆண்டின் பிரகடனம் அறிவித்தது. அதன் பயனாக உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டின் பொதுச் சட்டமாக நிலைத்தது. முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னர், வேறொருவர் காணிக்கு ஊடாகச் செல்லும் பாதை உரிமை பற்றிய வழக்கொன்றில், இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நானே அந்தப் பேராசிரியரின் கூற்றை எடுத்துக்காட்டி வாதிட்டிருக்கிறேன். விரிவுரை மண்டபத்திற் பிறந்த நூலொன்று, எழுதியவர் கண்டிராத துறைமுக நகரமொன்றில் ஒரு விவசாயியின் வழிக்குத் துணை நின்றது. அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலாவதாக நான் வைப்பது பேராசிரியர் த. நடராஜாவின் ‘த லீகல் சிஸ்டம் ஒஃப் சிலோன் இன் இட்ஸ் ஹிஸ்டோரிகல் செட்டிங்’ என்னும் நூலே. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டம் கற்பித்து, சட்ட பீடத்துக்குத் தலைமை தாங்கி, பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கிய அவருடைய இந்நூல் 1972இல் வெளிவந்தது. வூட் கற்பித்த அதே லைடன் நகரத்துப் பதிப்பகமே இதையும் வெளியிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மகிழ்ச்சியே. இந்நாட்டு நீதிமன்றங்களும் சட்டங்களும் எந்தெந்த ஓடைகளிலிருந்து வந்து கலந்தன என்பதை அறிய விரும்புபவர் வேறெங்கும் தொடங்க வேண்டியதில்லை. அதன் குறிப்புகளைத் தாண்டிச் செல்லாமல் ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவற்றுக்குள் இன்னும் பல நூல்களுக்கான வித்துகள் கிடக்கின்றன.

அடுத்தது, எங்கள் ஊருக்கே உரிய ஒரு கேள்வியோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை திருகோணமலைத் தமிழரைக் கட்டுப்படுத்துமா என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். தமிழர் எல்லாருக்கும் தேசவழமை உண்டு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள்’ என்றே கூறுகிறது; மலபார் என்று அக்காலத்தில் தமிழரையே குறித்தார்கள். ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்னும் 1913ஆம் ஆண்டு வழக்கில், அது தமிழராகப் பிறந்த அனைவரையும் வம்சவழியாகத் தொடரும் சட்டமன்று, அந்த மாகாணத்தின் வாசிகளுக்கு உரிய சட்டமே என்று தீர்க்கப்பட்டது. அப்படியானால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பத்தின் நிலை என்ன? வாசி என்ற அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு குடும்பத்தின் சீதனமும், பரம்பரைச் சொத்தாகிய முதுசமும் தங்கியிருக்கின்றன. வினா விடைத் தொகுப்பு இதை ஒரு வரியில் முடித்துவிடும். எச். டபிள்யூ. தம்பையா இலங்கைத் தமிழரின் சட்டங்களையும் வழக்காறுகளையும் பற்றி எழுதிய நூலோ, மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்தையும் சேர்த்து, இந்த வழக்காறுகளை அவற்றின் வேரிலிருந்து ஆராய்கிறது. அவர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். ஆய்வு மனம் பீடத்துக்குள் மட்டும் அடைபட்டதன்று என்பதனால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத் துறை விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

மூத்தவர் கூறியவற்றோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். எனினும், ஆய்வு நூல் பழையதாகாது என்பதை மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு நட்டப்பட்டதைக் கண்டிருப்பதனால், ஓர் எல்லையைச் சொல்ல விரும்புகிறேன்.

சட்டத்தின் எந்தப் பகுதி நூலிற் பேசப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் பெரும்பகுதி இந்நாட்டில் இன்றும் உரோமன் டச்சுக் கோட்பாடுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் நிற்கிறது. ஆகவே சி. ஜி. வீரமந்திரி 1967இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஒப்பந்தச் சட்ட நூல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. பின்னர் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராகவும் உயர்ந்த ஒருவர், அதற்கெல்லாம் முன்னரே, இந்த நாட்டின் சட்டத்தைப் பிற நாட்டுச் சட்டங்களோடு ஒப்பிட்டு எழுதிய நூல் அது. விலை கூடினாலும் தயங்க வேண்டாம்.

ஆனால் சான்றுச் சட்டம் அப்படியன்று. அதற்கு அடிப்படை 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கணினிப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான ஏற்பாடுகள் 1995இல்தான் வந்தன. 1970களில் பேராசிரியர் ஜி. எல். பீரிஸ் எழுதிய சான்றுச் சட்ட நூலிற் கோட்பாடுகள் தெளிவாக இருக்கும்; ஆனால் கணினிப் பதிவை அதில் தேடக் கூடாது. காணி பற்றிய நூல்களும் அவ்வாறே. 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்துக்கும் 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்துக்கும் முற்பட்ட நூலைக் கையில் எடுப்பவர், உறுதியோடு வாசிகசாலைக்கு வரும் ஒருவருக்கு அதைக் காட்டி விடை சொல்லிவிடக் கூடாது. நூலின் முதற் பக்கத்தில், எந்த ஆண்டு வரையான சட்டம் இதில் உண்டு என்று எழுதி ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். சிறிய வேலைதான், ஆனால் ஒருவருடைய காணியைக் காப்பாற்றக்கூடிய வேலை.

அரசியலமைப்பு பற்றிய பழைய நூல்களை மட்டும் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஐவர் ஜெனிங்ஸ் இலண்டனிற் சட்டம் கற்பித்த காலத்தில், 1933இல், அரசியலமைப்புச் சட்டம் பற்றி நூலெழுதி, ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டைசி 1885இல் வகுத்துவைத்த கருத்துகளைத் துணிந்து மறுத்தார். அதே ஜெனிங்ஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகி, டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்து, சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பான சோல்பரி யாப்பாகப் பின்னர் உருவெடுத்த வரைவில் பங்குகொண்டார். அந்த யாப்பு எங்களுக்கு என்ன பாதுகாப்புத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பதைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு கிடையாது. வகுப்பறையில் முளைத்த எண்ணம் எங்கள் வாழ்வுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அறிய, அவரும் தம்பையாவும் சேர்ந்து எழுதி 1952இல் வெளிவந்த இலங்கைச் சட்ட வரலாற்று நூலைப் படியுங்கள். அது இன்றைய சட்டத்தைச் சொல்லாது. ஆனால் இன்றைய நிலையின் காரணங்களைச் சொல்லும்.

பெண்களும் பிள்ளைகளும் பற்றிய கேள்விகளுடன் வருபவர்களுக்காக, திறந்த பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த சாவித்திரி குணசேகர பெற்றோர், பிள்ளைகள் தொடர்பான இலங்கைச் சட்டம் பற்றி எழுதிய நூலையும் பரிந்துரைக்கிறேன். அது 1987இல் வெளிவந்தது.

நூலகத்தில் வேலை செய்பவர்:

தங்கச்சி, வாங்கும் விதம் பற்றி மட்டும் சொல்கிறேன். சட்டங்களின் மூலப் பிரதிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அவற்றை அரசாங்க இணையத்தளங்களிலிருந்து தமிழிலேயே இலவசமாக எடுக்கலாம். பழைய தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையிலுள்ள தொகை முழுவதும் ஆய்வு நூல்களுக்கே போகட்டும்.

‘புதிய பதிப்பு’ என்று அட்டையிற் கண்டதும் வாங்கிவிடாதீர்கள். உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, அது திருத்திய பதிப்பா, வெறும் மறுபதிப்பா என்பதை உறுதிப்படுத்துங்கள். மறுபதிப்பானால் சட்டம் பழைய ஆண்டோடு நின்றுவிடும். பிறகு நூலின் முதற் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் திறந்து, வழக்குகளின் அட்டவணையும் சொல்லடைவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சட்டப் புத்தகத்தில் இவை இரண்டும் இல்லாவிட்டால், அதை ஆய்வு நூல் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

பாலையூற்று வாசகி:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. நடராஜாவையும் தம்பையாவையும் வீரமந்திரியையும் முதலில் தேடப் போகிறேன். ஆண்டு எழுதிய தாளை ஒட்டும் யோசனையையும் இன்றே வாசிகசாலை நிருவாகத்திடம் கூறிவிட்டேன்.

ஒரு கவலை மட்டும் எஞ்சியிருக்கிறது. நீங்கள் சொன்ன நூல்கள் எல்லாமே ஆங்கிலத்தில் உள்ளவை. எங்களிடம் வரும் பெரியவர்களிற் பலருக்கு ஆங்கிலம் வராது. நூல் அலுமாரியில் இருந்தும் அவர்கள் கைக்கு எட்டாதே?

உவர்மலைச் சட்டத்தரணி:

பிள்ளை, இந்தக் கவலை எனக்கும் நெடுநாளாக உண்டு. சட்டம் தமிழில் வருகிறது. சட்டத்தை ஆராயும் எழுத்து தமிழில் மிகவும் அரிது. அதைப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் எழுதத்தான் வேண்டும், நாங்கள் கேட்டுக்கொண்டேயிருக்கத்தான் வேண்டும்.

ஆனால் தேசவழமையைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு தூரமில்லை. 1706இல் ஒல்லாந்து அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் அதை டச்சு மொழியில் எழுதியபோது, தமிழில் மொழிபெயர்த்து, ஊர்த் தலைவர்களான 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். சீதனம், முதுசம், தேடிய தேட்டம் (மண வாழ்க்கையில் தேடிய சொத்து) என்னும் சொற்களுக்கு ஆங்கில நூலாசிரியர்களும் ஈடு காணாமல், எங்கள் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கங்களை வாசித்துத் தமிழிற் சொன்னால், கேட்டிருக்கும் ஆச்சிக்குப் பாதி முன்னரே தெரிந்திருக்கும். சில வேளை உங்களைத் திருத்தவும் செய்வார்.

தம்பையாவின் நூல் கடையிற் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. ஓரங்களில் என் பென்சிற் குறிப்புகள் உண்டு. அவற்றை அழிக்காமல் வைத்துக்கொள்வதாக இருந்தால், வாசிகசாலைக்கே தந்துவிடுகிறேன்.