ஆர்75/5-க்கு ஆழமான ஆயில் பேன் போடலாமா? ஏற்காடு ஏறினால் விளக்கு மினுக்குகிறது

அஸ்தம்பட்டி பாக்ஸர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1972 மாடல் பிஎம்டபிள்யூ ஆர்75/5, சித்தப்பா ஓட்டிய வண்டி. ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறும்போது முன்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டால் 20 கொண்டை ஊசி வளைவும் முதல் கியர், இரண்டாவது கியரிலேயே போய்விடுகிறது, மேலே ஏரி பக்கம் வருவதற்குள் இஞ்சின் தகிக்கிறது, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கும் மினுக்க ஆரம்பிக்கிறது. ஏர் கிளீனர் பெட்டியிலும் எண்ணெய் கசிந்திருக்கிறது. எண்ணெய் அளக்கும் ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டில் சரியாகத்தான் நிற்கிறது.

பில்டரோடு மாற்றினாலும் இந்த இஞ்சினுக்கு இரண்டேகால் லிட்டர்தான் பிடிக்கும். இஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் பேனை ஆழமானதாகப் போட்டால் கூடுதல் எண்ணெய் பிடிக்கும், சூடு குறையும் என்று சொல்கிறார்கள். வெளிநாட்டு கிட் வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்து கை சுடுகிறது. சேலத்தில் இத்தனை லேத் பட்டறை இருக்கும்போது இங்கேயே செய்துகொள்ள முடியாதா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

குப்பனூர் வழி:
தம்பி, பேனுக்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். விளக்கு மினுக்குவது எப்போது? வளைவில் திரும்பும்போதா, பிரேக் அடிக்கும்போதா, இல்லை மேலே போய் த்ராட்டில் கொடுக்காமல் ஐடிலில் நிற்கும்போதா? பதில் அதில்தான் இருக்கிறது.

கொண்டை ஊசியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பேனில் இருந்து பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் பிக்கப் காற்றை இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காருக்கு அது சரி. டூவீலர் சாய்ந்து திரும்புகிறது, அதனால் எண்ணெய் பேனின் அடியிலேயே அழுந்தி நிற்கும். வாளித் தண்ணீரைக் கையில் பிடித்துச் சுழற்றினால் சிந்தாமல் இருக்கிறதே, அதே கணக்கு. முன்னும் பின்னும் ஓடுவது மட்டும் உண்டு, அதாவது இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது. சைடுகார் மாட்டிய வண்டி சாயாது, அதற்கு ஆழமான பேன் கண்டிப்பாக உதவும்.

ஐடிலில் மட்டும் மினுக்கினால் அது அளவுப் பிரச்சினையே இல்லை. சூட்டில் எண்ணெய் இளகி, பேரிங் இடைவெளி வழியாக சீக்கிரம் வழிந்துவிடுகிறது, மெதுவாகச் சுற்றும் பம்பால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று லிட்டர் ஊற்றினாலும் அந்த அழுத்தம் கூடாது. பில்டர் அறையின் சீல் சரியாக உட்காராவிட்டாலும் இதே அறிகுறிதான்: எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பேனுக்குத் திரும்பிவிடும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. விளக்கு சுவிட்ச் இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சூடு. கூடுதல் எண்ணெய் இஞ்சின் சூடாவதைத் தள்ளிப்போடும், நிறுத்திவிடாது. ஒரு மணி நேரம் ஊர்ந்தால் மூன்று லிட்டரும் சூடாகிவிடும். பாக்ஸர் சிலிண்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே காற்று வாங்கத்தான், பஸ் பின்னால் அந்தக் காற்று கிடைப்பதில்லை. ஆகவே முதலில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, ஸ்ட்ரோப் விளக்கில் பாருங்கள். பாயிண்டுக்குப் பக்கத்தில் இருக்கும், வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் டைமிங் பின்தங்கிப் போய் எக்ஸாஸ்ட் பக்கம் கொதிக்கும். கார்புரேட்டரில் டயப்ரம் கிழிந்திருக்கிறதா, இன்டேக் ரப்பர் வழியாகக் காற்று நுழைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாலு ரோடு லேத்:
மேலே அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் பேன் வேண்டும் என்றால் செய்யலாம், ஆனால் ஒரு முக்கியமான விஷயம்: பேனை மட்டும் ஆழமாக்கினால் கூடுதல் எண்ணெய் அடியில் சும்மா கிடக்கும், பிக்கப் பழைய உயரத்திலேயே தொங்கும். பேன் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பிக்கப்பும் இறங்க வேண்டும். பிக்கப் வலைக்கும் பேன் தரைக்கும் இரண்டு நூலில் இருந்து மூன்று நூல் வரை (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விடுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை பேனுக்குள் உருட்டி வைத்து, மாட்டிக் கழற்றி, நசுங்கின கனத்தை அளந்தால் தெரிந்துவிடும். பிக்கப்பை இறக்க நடுவில் ஸ்பேசர் துண்டு போட்டால் பிக்கப்புக்கு ஒன்றுக்கு இரண்டு ஜாயின்ட் ஆகிறது, இரண்டிலும் கேஸ்கட் சுத்தமாக உட்கார வேண்டும். அங்கே காற்று இழுத்தால் பம்ப் நுரையைத்தான் அனுப்பும், பேரிங் போய்விடும்.

பழைய பேனை அறுத்து ஆர்கான் வெல்டிங் செய்வதை நான் விரும்புவதில்லை. இத்தனை வருஷம் எண்ணெய் குடித்த அலுமினிய வார்ப்பு, வெல்டிங் சூட்டில் குமிழ் விட்டு ஊசித்துளை விழும், இஞ்சினோடு பொருந்தும் விளிம்பான பிளாஞ்சும் வளையும். அதைவிட ஒரு அங்குல அலுமினியப் பிளேட்டில் பேன் வடிவத்திலேயே சட்டம் வெட்டி, இரண்டு முகத்தையும் மில்லிங்கில் இணையாக எடுத்து, இஞ்சினுக்கும் பழைய பேனுக்கும் நடுவில் வைப்பது நல்லது. பழைய பேன் அப்படியே இருக்கும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். வெல்டிங்தான் என்று முடிவெடுத்தால் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வெளியே சுண்ணக்கட்டியைத் தேய்த்து ராத்திரி முழுக்க வையுங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே துளை.

போல்ட் எம்6. 8, 9 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். கசிகிறது என்று இறுக்கிக்கொண்டே போய் மரை போன இஞ்சின்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு அங்குலம் கீழே இறங்குவதால் நம்ம ஊர் வேகத்தடைகளையும் மனதில் வையுங்கள், பெயின்ட் அடிக்காத தடை ஒன்றில் பேன் இடித்தால் மொத்த எண்ணெயும் ரோட்டில்தான்.

கருப்பூர் 350:
இடையில் ஒரு கேள்வி. என் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் இப்படிப் போட முடியுமா?

குப்பனூர் வழி:
அதில் கழற்றுகிற மாதிரி பேனே கிடையாது. எண்ணெய் கிராங்க்கேசிலேயே தனி அறையில் நிற்கிறது, ஒரு பம்ப் அனுப்புகிறது, இன்னொன்று கிராங்க் அடியில் இருந்து வடித்துத் திருப்புகிறது. உங்களுக்கு சூடு பிரச்சினை என்றால் பம்புகளையும் பில்டரையும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி பாக்ஸர்:
அண்ணே, கவனித்தேன். ஐடிலில் மட்டும்தான் மினுக்குகிறது, த்ராட்டில் லேசாகக் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. டைமிங் பார்த்ததில் முழு அட்வான்ஸைக் காட்டும் எப் குறி, டைமிங் பார்க்கும் ஜன்னலுக்கே வரவில்லை, எடைகள் ஒட்டித்தான் கிடக்கின்றன. அதைச் சரிசெய்து, பில்டர் சீலும் மாற்றி, கேஜ் மாட்டிப் பார்க்கிறேன். ஏர் கிளீனர் எண்ணெய்க்கு என்ன செய்வது?

குப்பனூர் வழி:
மேல் கோடு வரை ஊற்றாதீர்கள், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஸ்டிக்கைத் திருகாமல் மரையின் மேல் வைத்துத்தான் அளக்க வேண்டும், அதையும் சரிபாருங்கள். ஆழமான பேனால் நிஜமாகக் கிடைக்கிற லாபமே இங்கேதான்: மட்டத்தைக் கீழ்க் கோட்டுப் பக்கம் வைத்தாலும் மொத்த எண்ணெய் முன்பைவிட அதிகம் இருக்கும், கிராங்க் சுற்றும் காற்றில் எண்ணெய் அடிபட்டு, இஞ்சின் மூச்சு விடும் பிரீதர் வழியாக ஏர் கிளீனருக்கு வருவது குறையும். அதற்காகப் போடுங்கள், விளக்குக்காக வேண்டாம்.

நாலு ரோடு லேத்:
பேன் மாட்டுகிற நாளில் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, கேப்போடு பிளக்கை சிலிண்டர் தலையில் எர்த் ஆகும்படி படுக்க வைத்து, விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அணையவில்லை என்றால் பிக்கப் ஜாயின்ட்டில் காற்று இழுக்கிறது, பேனைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.