புதுப்பிப்பு: புயலுக்குப் பின் ஓடைக்கரை அரிப்பு, உள்ளாட்சி உதவி கிடைத்தது

புயலுக்குப் பின் வீட்டுப் பின்புற ஓடைக்கரை சரிவதைத் தடுக்க உள்ளாட்சி உதவுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, ‘மழைநீர்க் குழாயின் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்’ என்ற யோசனை. குழாய் உள்ளாட்சியுடையது; அதன் வாய்க்கு அடியில்தான் மண் குடைந்திருந்தது. தேதியிட்ட படங்கள், நில வரைபடத்துடன் மனு கொடுத்ததும் பொறியாளர் வந்து பார்த்தார். குழாய் வாயில் கல் பாவியது உள்ளாட்சியின் செலவு. மீதிக் கரை நம் பொறுப்பு.

எதிர்பாராதது: சொந்த நிலமானாலும் ஓடையில் கல் போட முன்அனுமதி கேட்டார்கள்.

கரையைக் கிடையாக 2 அடிக்கு 1 அடி உயரம் என்ற சரிவாக வெட்டி, வடிகட்டித் துணி விரித்து, அதன்மேல் உடைகல் அடுக்கினோம். துணி இல்லாவிட்டால் கல்லிடுக்கு வழியே மண் கழுவிப்போய்க் கல் அமிழ்ந்துவிடும். உருண்டைக் கல் வேண்டாம், வெள்ளத்தில் உருளும். அடிவரிசையைப் படுகைக்குக் கீழே புதைப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது; அரிப்பு அங்கேதான் தொடங்கும்.