கல்யாணச் சிறப்பிதழின் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் எழுதுங்கள்

ஆரம் வாங்கிய அம்மா
மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தபோது, ஒரு வார இதழின் திருமணச் சிறப்பிதழில் முழுப் பக்கத்துக்கு வந்திருந்த மாங்காய் ஆரத்தை அவள் கத்தரித்து என் கைப்பையில் வைத்துவிட்டாள். ‘செய்கூலி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் வேறு கடை எதுவும் ஏறி இறங்கவில்லை. ஐந்து சவரனில் அதே ஆரம் இருந்தது. பில்லில் சேதாரம் 18 சதவீதம், அதாவது 7.2 கிராம் என்று பார்த்ததும், ஏறக்குறைய ஒரு சவரன் போகிறதே என்ற பதற்றத்தில் அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன். விற்பனையாளர் கோபப்படவில்லை, தாளைத் தன் பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தின் ஓரத்தில் எள்ளளவு இருந்த நட்சத்திரக் குறிக்குக் கீழே நகத்தை வைத்துவிட்டுப் பேசாமல் என்னைப் பார்த்தார். மகள் ஆரத்தைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அந்த நகம் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அரக்குப் புடவை
சேதாரம் எவ்வளவு என்று கேட்காமலே பில் போடச் சொன்னது உங்கள் பிழை, அம்மா. அந்தப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லையே. என் கதையிலும் இல்லை. ‘அசல் பட்டு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, அதில் மணப்பெண் கட்டியிருந்த அதே அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை எடுத்தேன். காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் பெரியப்பா கல்யாணத்துக்கு முதல்நாள் வந்து, முந்தானை ஓரத்து ஜரிகை இழை ஒன்றை உருவி நகத்தால் சுரண்டினார். அசல் ஜரிகையானால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளை நூல்தான் தெரிந்தது. ‘பட்டு அசல்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவையை மடித்து வைத்தார்.

ஓய்வுபெற்ற கணக்கர்
விளம்பரத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் ஏமாற்றுதான். என் மனைவியின் கெம்புத் தோட்டை வாங்கியபோது கல்லையும் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டார்கள். விற்கப் போனபோது கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போட்டார்கள். என் அனுபவம் அவ்வளவே. இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். செய்கூலி இல்லை என்பவர் அதைச் சேதாரத்தில் ஏற்றியிருக்கலாம், சேதாரம் இல்லை என்பவர் செய்கூலியில் ஏற்றியிருக்கலாம் என்பதால், அன்றைய கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல் விலை, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த ஒரே தொகையை மூன்று கடைகளில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். கல் நீக்கிய எடையைப் பில்லில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். 22 காரட்டைக் குறிக்கும் 916 என்ற எண்ணோடு, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்ட, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி குறியீடும் நகையில் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியீட்டை இட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம். அரக்குப் புடவை எடுத்தவர் கவனிக்க: சில்க் மார்க் முத்திரை பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. அட்சய திருதியையன்று தங்கம் வாங்குவதும் இப்படி விளம்பரத்தால்தான் தலையில் ஏறியது. என் தாயார் அன்றைக்குத் தயிர்சாதம் தானம் கொடுத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆரம் வாங்கிய அம்மா
ஐயா, கல்யாணம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆரம் வங்கி லாக்கரில் இருக்கிறது. நேற்று இளையவள் வேறொரு இதழை விரித்து ஒரு ஒட்டியாணத்தைக் காட்டினாள். முதல் வேலையாக நட்சத்திரக் குறியைத் தேடினேன், காணவில்லை. இதழைப் பக்கவாட்டில் திருப்பியபோதுதான், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஓரத்தில் செங்குத்தாக அச்சிட்டிருந்தது தெரிந்தது.