கடைசி இருபது நிமிடத்தில் டீம் உட்கார்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

லெஃப்ட்பேக்_தண்டையார்பேட்டை

வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கேப்டன், ஆடுவது லெஃப்ட் பேக் (இடது பக்க டிஃபன்ஸ்). இதுதான் எனக்குக் கடைசி சீசன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக நம்ம சென்னை நந்தகுமார் அடித்த கோலை ஒரே மொபைலைச் சுற்றி நின்று பார்த்தோம். மறுநாள் காலை பிராக்டிஸுக்கு ஒருத்தன்கூட லேட்டாக வரவில்லை. முதல் மூன்று மேட்ச்சில் இரண்டு ஜெயித்தோம், ஒன்று டிரா.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். கிரவுண்டில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகும் சேறு, அதற்குள் கண்ணாடித் துண்டு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பசங்களுக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர். மூன்று வாரம் யாரும் பந்தைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஆடிய மூன்று மேட்ச்சிலும் ஹாஃப் டைமில் நாங்கள்தான் முன்னால். மூன்றிலும் 70-வது நிமிடத்துக்கு மேல் கோல் வாங்கினோம். போன மேட்ச் 2-0 என்று இருந்தது, 2-3 என்று முடிந்தது. மூன்றாவது கோல் என் பக்கம். அவர்களுடைய விங்கர் (ஓரத்தில் ஓடி அட்டாக் செய்பவன்) தாண்டும்போது திரும்பி ஓட முயன்றேன், பின்தொடை இழுத்துக்கொண்டது. அவன் முதுகு நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் தூக்கத்தில் அந்த நம்பர் வருகிறது.

எங்கள் ரைட் விங்கர் காசிமேட்டில் விடிகாலை மீன் இறக்கிவிட்டுத்தான் வருகிறான். அவனைப்போல இன்னும் இரண்டு பேர். பி.டி. சார் ஸ்டாமினா குறைந்துவிட்டது என்று தினமும் பத்து ரவுண்டு ஓடவிடுகிறார். இன்னும் இரண்டு லீக் மேட்ச், இரண்டும் ஜெயித்தால்தான் நாக்அவுட். முதல் மேட்ச்சுக்குப் பத்து நாள் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

முல்லைநகர்_பழைய_ஸ்டாப்பர்

தம்பி, பத்து நாளில் ஸ்டாமினா ஏறாது. பத்து ரவுண்டு ஓடினால் களைத்த காலோடுதான் மேட்ச்சுக்குப் போவீர்கள். சாரிடம் பக்குவமாகப் பேசி, மேட்ச்சுக்கு மூன்று நாள் முன்னாடியாவது அதை நிறுத்தச் சொல்.

எனக்குத் தெரிந்து உங்கள் சிக்கல் வேறு. நம்ம பக்கத்தில் எல்லோரும் ஃபைவ்ஸ், செவன்ஸ் (அணிக்கு ஐந்து பேர், ஏழு பேர்) ஆடி வளர்ந்தவர்கள். சின்ன கிரவுண்டு, கொஞ்ச நேர ஆட்டம், பந்து எங்கேயோ அங்கே மொத்தப் பேரும் ஓடுவோம். அதனால்தான் நம்ம பசங்க காலில் பந்து அப்படி ஒட்டுகிறது. ஆனால் நூறு மீட்டர் கிரவுண்டில் 90 நிமிடம் அதே ஓட்டம் ஓடினால் 70-க்கு மேல் யாருக்குமே கால் இருக்காது. நான் கல்லூரியில் ஆடியபோது இதே மாதிரி ஒரு செமிஃபைனல் தோற்றோம்.

நீ லெஃப்ட் பேக். ஒவ்வொரு அட்டாக்குக்கும் மேலே போகிறாயா? ஒரு ஜூனியரை நோட்டோடு வெளியே உட்காரவை. நீ சென்டர் லைனைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு போடட்டும். நீ போனால் ரைட் பேக் நிற்க வேண்டும், அவன் போனால் நீ நிற்க வேண்டும்.

காசிமேட்டுப் பையனிடம் ஒரு நைலான் கயிறு கேள். டிஃபன்ஸ் நாலு பேரும் பத்தடி பத்தடி இடைவெளியில் அதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது பந்தோடு இடமும் வலமும் நடக்கட்டும். கயிறு தொய்யவும் கூடாது, யாரையும் இழுக்கவும் கூடாது. முதலில் நடை, அப்புறம் மெல்லிய ஓட்டம், தினம் கால் மணி நேரம். நாலாவது நாள் கயிறு இல்லாமலே பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான் என்று உடம்புக்குத் தெரியும்.

வியாசர்பாடி தனபால் கணேஷ் 2017-18-ல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கியபோது மிட்ஃபீல்டில் ஆடியதை எடுத்துப் பார். பந்து வரும் இடத்தில் அவர் முன்கூட்டியே நிற்பார். பந்துக்குப் பின்னால் ஓடுவது குறைவு. உன் மிட்ஃபீல்டில் ஒருத்தனாவது அப்படி நிற்கட்டும்.

ராயபுரம்_பிசியோ

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

மூன்று மணிக்கு எழுந்து கூடை தூக்கியவன் சாயங்காலம் 90 நிமிடம் ஓடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். மேட்ச் நாள் மட்டுமாவது அவன் அப்பாவிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், கேப்டன் கேட்டால் மரியாதை. முடியாவிட்டால் பகலில் ஒரு மணி நேரம் தூங்கவையுங்கள், அறுபதாவது நிமிடத்தில் சப் (மாற்று ஆள்) போடுங்கள். எத்தனை சப் அனுமதி என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்ச் மூன்றரைக்கு என்றால் பன்னிரண்டரைக்குள் சாதம், எண்ணெய் குறைவாக. வெறும் டீயும் பஜ்ஜியுமாகப் போக வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள், பெரிய பாக்கெட்டுக்கு முழு லிட்டர். சின்ன பாட்டிலில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்கிறார்கள், அது தப்பு. பின்தொடை இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் வலி இருந்தால் வேகமாக ஓடாதீர்கள், ஒருமுறை காட்டிவிடுங்கள். ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப் இலவசமாகக் கிடைக்கிறது, இருபது நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள்.

அந்தச் சேற்றில் யாருக்காவது கால் கிழிந்திருந்தால் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வெள்ளத் தண்ணீரில் நின்ற பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

லெஃப்ட்பேக்_தண்டையார்பேட்டை

அண்ணே, அக்கா, நேற்று மேட்ச் முடிந்தது. 1-0, ஜெயித்துவிட்டோம்.

தொடையைக் காட்டினேன், ஆடலாம் என்றார்கள். விங்கரின் அப்பா ஒரே வார்த்தையில் சரி என்றார், தம்பியைக் கடலோரத்துக்கு அனுப்பிவிட்டு இவனைத் தூங்கவிட்டார். கோல் அவன்தான் அடித்தான், 38-வது நிமிடம். அறுபதில் அவனை வெளியே எடுத்தபோது முகம் சுருங்கியது. ஆனால் கடைசி வரை லைனில் நின்று கத்திக்கொண்டே இருந்தான்.

75-க்கு மேல் அவர்கள் எங்கள் பாக்ஸிலேயேதான் இருந்தார்கள். எங்கள் ஸ்டாப்பர் (நடு டிஃபன்ஸ் ஆள்) ‘கயிறு, கயிறு’ என்று கத்த, நாலு பேரும் ஒன்றாக நகர்ந்தோம். ஜூனியர் நோட்டில் என் பெயருக்கு நேரே பதினொரு கோடு. பிராக்டிஸ் மேட்ச்சில் அவன் முதலில் எண்ணியபோது இருபத்தாறு.

அடுத்தது வெள்ளிக்கிழமை. பி.டி. சாரே கயிறு எங்கே என்று கேட்கிறார்.