இரட்டை மானிட்டர்: ஒன்றில் முழுத்திரை வீடியோ, இன்னொன்றில் வேலை

விண்டோஸ் 10, இரண்டு மானிட்டர். ஒன்றில் யூடியூப் முழுத்திரையில் ஓடும். மற்றதில் வேலை பார்க்கும்போது சில நேரம் முழுத்திரை கலைகிறது, சில நேரம் வீடியோவே காணாமல் போகிறது. அனுபவப்பட்டவர்கள் எழுதுங்களேன்.

—

பிரவுசரில் வீடியோ ஓட ஃப்ளாஷ் பிளேயர் தேவைப்பட்ட காலத்தில் அடுத்த மானிட்டரில் ஒரு கிளிக் விழுந்தாலே முழுத்திரை கலைந்துவிடும். அதன் ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. இன்றைய குரோமிலோ எட்ஜிலோ வெறும் கிளிக்குக்கு எதுவும் ஆகாது.

இப்போது கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வீடியோவும் வேலையும் ஒரே பிரவுசரில் இருப்பது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த லிங்க்கைத் தட்டினால், பிரவுசர் அதைக் கடைசியாகப் பயன்படுத்திய விண்டோவில் புது டேபாகத் திறக்கும். அந்த விண்டோ வீடியோ ஓடுவதாக இருந்தால் முழுத்திரை போச்சு.

வீடியோ டேபைத் தனி விண்டோவாக இழுத்துவிடுங்கள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது அடுத்த மானிட்டருக்குத் தாவும். அங்கே போன பிறகு எஃப் கீயை அழுத்துங்கள். இதுவும் அரை வைத்தியம்தான். டீஃபால்ட் அல்லாத வேறொரு பிரவுசரில் வீடியோவை ஓடவிட்டால் லிங்க் தொல்லை அடியோடு தீரும்.

வேலைக்குத் திரும்பும் முன் மவுஸால் மறு மானிட்டரில் ஒரு கிளிக் செய்யுங்கள். பாயிண்டரை நகர்த்தினால் மட்டும் போதாது. கீபோர்டு இன்னும் வீடியோவிடம்தான் இருக்கும், ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் படம் நிற்கும்.

—

காணாமல் போவதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10-இல் ஒரு விண்டோவின் தலைப்புப் பட்டையைப் பிடித்து வேகமாக ஆட்டினால் மற்றதெல்லாம் மினிமைஸ் ஆகும், அடுத்த மானிட்டரில் இருப்பதும் சேர்த்து. எக்செல்லை அவசரமாக இழுப்பவர்களுக்கு இது நடக்கும். மறுபடி ஆட்டினால் திரும்ப வரும். விண்டோஸ் 11-இல் இது இயல்பாகவே அணைந்திருக்கும். விண்டோஸ் கீ + டி-யும் எல்லா மானிட்டரையும் காலி செய்யும்.

—

மேக் வைத்திருப்பவர்களுக்கு: முழுத்திரை போட்டதும் மற்ற மானிட்டர் கறுத்துவிட்டால், சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக், மிஷன் கண்ட்ரோல் பகுதியில் ‘டிஸ்பிளேஸ் ஹேவ் செபரேட் ஸ்பேசஸ்’ ஆன் செய்யுங்கள். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் வேலை செய்யும். 2013-இல் மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பில் வந்த வசதி இது.

—

டவுன்லோட் செய்த படம் என்றால் பிரவுசரே வேண்டாம், விஎல்சி பிளேயர் போதும். டூல்ஸ், பிரிஃபரன்சஸ், வீடியோ. அங்கே ‘ஃபுல்ஸ்கிரீன் வீடியோ டிவைஸ்’ என்பதில் எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள்.

கட்டணத் தளங்களில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் எச்டிசிபி எனும் நகல் தடுப்புப் பூட்டைச் சந்தேகியுங்கள். பழைய மானிட்டர், விஜிஏ மாற்றி, மலிவு ஸ்ப்ளிட்டர் இவற்றில் ஒன்று நடுவில் இருக்கும். நேரடி எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள்.