சிலேபி (திலேப்பியா) மீன் கொத்தாத கெண்டை இரை எது?

அண்ணன்மாரே, நம்ம குமரி மாவட்டத்துக் குளங்களில் தூண்டில் போடுகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

தக்கலை பக்கத்தில் ஒரு குளம். குத்தகைக்காரரிடம் கேட்டுத்தான் போடுகிறேன். கட்லா, ரோகு, மிருகால் என மூன்று கெண்டை வகைகளும் விட்டிருக்கிறார்கள். மைதா, கடலைப் பிண்ணாக்கு, வறுத்த தவிடு சேர்த்துப் பிசைந்து முள்ளில் வைத்தால், தக்கை நிமிர்வதற்குள் சிலேபிக் குஞ்சுகள் கொத்திக் கரைத்துவிடுகின்றன. பெரிய மீன் வரும்போது வெறும் முள்தான் மிச்சம். அவித்த மரச்சீனி (மரவள்ளி) கிழங்குத் துண்டு கூடுதல் நேரம் நிற்கிறது. ஆனால் ரோகு அதைச் சீந்தவே இல்லை.

கட்லா மேல்தண்ணீரிலும் ரோகு நடுவிலும் மிருகால் தரையிலும் மேயும் என்பதால் தக்கையை ஏற்றி இறக்கியும் பார்த்தாச்சு. தரையில் விட்டால் தொல்லை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மாவு அரை மணி நேரமாவது கரையாமல் நிற்க என்ன சேர்க்கலாம்? சிலர் பஞ்சு சேர்த்துப் பிசையச் சொல்கிறார்கள். அது மீன் வயிற்றுக்குள் போவதில் எனக்கு மனமில்லை, வேறு வழி சொல்லுங்கள்.

அப்புறம், 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) தான் வைத்திருக்கிறேன். மாட்டிய மீன் ஆம்பல் கொடிக்குள் ஓடி அறுத்துவிடுகிறது. தடித்ததாக மாற்றினால் மீன் கண்டு ஒதுங்குமா? கலங்கல் தண்ணீரில் போட்டுப் பழகியவர்கள் சொன்னால் நல்லது.