ஷார்ட் ஃபில்லர்: குற்றிலையா, நறுக்கிலையா?

மடல் 1 | மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு,

விலை குறைந்த சுருட்டுகளைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டேன்.

சுருட்டுக்கு மூன்று அடுக்கு. வெளியே தெரியும் ராப்பருக்கு மேலிலை, அதனடியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் பைண்டருக்குக் கட்டிலை, நடுவிலுள்ள ஃபில்லருக்கு உள்ளிலை என்று வைத்திருக்கிறேன். அந்த உள்ளிலையில் இரு வகை உண்டு. சுருட்டின் முழு நீளத்துக்கும் மடிந்து ஓடும் இலைகள் லாங் ஃபில்லர். அவற்றைக் கத்தரித்த மிச்சமும் நறுக்கிய துண்டுகளும் ஷார்ட் ஃபில்லர். மலிவான சுருட்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும்.

அடுத்து ஸ்ட்ரெங்த், பாடி. முன்னது நிகோடின் உடம்பில் காட்டும் வேகம். பின்னது புகை வாயை எவ்வளவு நிறைக்கிறது என்பது. மூன்றாவது செகண்ட்ஸ்: மேலிலையின் நிறம் சீராக இல்லை, ஒரு புள்ளி இருக்கிறது என்று ஆலையிலேயே கழித்து, பட்டை ஒட்டாமல் விற்பவை. உள்ளே இருப்பது அதே இலை.

ஒரு வேண்டுகோள். மலிவு என்பதாலேயே மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள் என்பதுதான் இந்த நூலின் வாதம். நாம் வைக்கும் சொல் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

மடல் 2 | ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நல்ல முயற்சி, தம்பி. மேலிலை, உள்ளிலை இரண்டும் சரி. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்பதால் உள்ளிலையில் ளகரம் இரட்டித்தது. மேல் நெடிலாதலால் அங்கே இரட்டவில்லை. ஆனால் கட்டிலை வேண்டாம். ‘கட்டிலை இறுக்கிச் சுற்றுக’ என்று எழுதிப் பாருங்கள். கட்டில் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. பிணையிலை என்க.

லாங் ஃபில்லர், ஷார்ட் ஃபில்லருக்கு நெட்டிலை, குற்றிலை. நெடுமை + இலை, குறுமை + இலை. ஈறு போய், தன்னொற்று இரட்டிற்று. குற்றுயிர், நெட்டுயிர்ப்பு என்று முன்னோர் ஆண்ட அச்சு இது. இதைவிட ஒழுங்கான இணை கிடைக்காது.

மடல் 3 | சுருட்டு பிடிக்கும் உறுப்பினர்

> நெட்டிலை, குற்றிலை

ஐயா, இலக்கணத்தில் உங்களோடு மோத எனக்குத் தகுதியில்லை. ஆனால் குற்றிலை என்றதும் என் காதில் விழுவது குற்றம். மொழிபெயர்ப்பாளர் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதுவே நடக்கிறது.

பொருளும் இடிக்கிறது. அந்த இலை குட்டையாக விளைந்ததல்ல, வெட்டப்பட்டது. துண்டுகளுக்கிடையே காற்று புகுவதால் வேகமாக எரியும், சூடேறும், சாம்பல் பொலபொலவென உதிரும், உதட்டில் துணுக்கு ஒட்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்று பொறுமையாகப் பிடித்தால் சூடு அடங்கி, இலையின் இனிப்பு மேலே வரும். பல இலைகளின் துண்டுகள் கலந்திருப்பதால் முதலில் கிடைத்த சுவையே ஏறக்குறைய கடைசிவரை கிடைக்கும். தினம் ஒன்று பிடிப்பவனுக்கு அது பெரிய நிம்மதி. சரியாக முதிராத இலையை நீளமாக வைத்துச் சுற்றி விலையை ஏற்றினாலும் அமோனியா நெடிதான் மூக்கில் ஏறும். நீளம் தரத்துக்குச் சான்று ஆகாது.

துண்டிலை என்றோ நறுக்கிலை என்றோ வையுங்கள்.

மடல் 4 | அகராதித் தொகுப்பில் பணியாற்றியவர்

நறுக்கிலைக்கு என் ஆதரவு. நறுக்கிய இலை, நறுக்குகின்ற இலை என்று முக்காலத்துக்கும் விரியும் நல்ல வினைத்தொகை. ஓலை நறுக்கில் எழுதிவைத்துப் படித்த மரபு நம்முடையது. நறுக்கு என்பதில் இழிவு இல்லை.

லாங் ஃபில்லருக்கு முழு இலை என்று எழுத யாருக்கேனும் தோன்றினால் எச்சரிக்கிறேன். சேர்த்து எழுதினால் உடம்படுமெய் பெற்று ‘முழுவிலை’ ஆகிவிடும். மலிவைப் பேசும் நூலில் ‘இச்சுருட்டு முழுவிலை’ என்று வந்தால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? நெட்டிலையே இருக்கட்டும்.

மடல் 5 | வேர்ச்சொல் ஆர்வலர்

குற்றிலையை இவ்வளவு எளிதில் தள்ள வேண்டாம். குறு என்ற வேரிலிருந்து குறை, குறுணி, குறுநொய் எல்லாம் கிளைக்கின்றன. நெல்லைக் குற்றுவதும் சிறிதாக்கும் தொழில்தானே? குற்றம் என்பதே குறைதான், பழி பின்னால் ஏறியது. எனவே குற்றிலை = குற்றப்பட்ட இலை = சிறிதாக்கப்பட்ட இலை. நறுக்கிலை சொல்வதையே இதுவும் சொல்கிறது.

சுருட்டு என்ற நம் சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். இரு முனையும் கூம்பாமல் திறந்திருக்கும் அந்த வகையை அங்கே இன்றும் நம் பெயரால்தான் அழைக்கிறார்கள். பெயர் கொடுத்த மொழி இது.

இன்னொன்று: இலை என்பது இல்லை என்பதன் இடைக்குறையாகவும் வரும். புகையிலை விடு தூது என்னும் சிற்றிலக்கியத்தில் மும்மூர்த்திகளின் இலைகள் பற்றிய கதை வருமே. வில்வத்தைக் கங்கை கொண்டுபோனது, துளசியைப் பாற்கடல் கொண்டுபோனது, பிரமனுடையது மட்டும் ‘போகையிலை’, அதாவது போகவில்லை. அந்தச் சிலேடையை வைத்துப் பார்த்தால் பிணையிலை என்பது ‘பிணை இல்லை’ என்றும் ஒலிக்கும். இதை ஆசிரியர் ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும்.

மடல் 6 | மொழிபெயர்ப்பாளர்

ஐயா, சிலேடையை ரசித்தேன். ஆனால் நாளை புதன்கிழமை. நறுக்கிலை, நெட்டிலை, பிணையிலை என்று எழுதத் தொடங்கிவிட்டேன். ஸ்ட்ரெங்த், பாடி பற்றி யாரும் தொடவில்லையே?

மடல் 7 | தமிழாசிரியர்

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளுக்குச் சொல்லும் பத்துக் குணங்களைப் பாருங்கள். ‘செறிவு தெளிவே சமநிலை இன்பம்’ என்று தொடங்கும் வரிசையில் செறிவும் வலியும் தனித்தனிக் குணங்கள். நமக்கு வேண்டிய வேறுபாடும் அதுவே. பாடி செறிவு, ஸ்ட்ரெங்த் வலி.

மடல் 8 | வேதியியல் கற்பிப்பவர்

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். வலி இன்று நோவு. சுருட்டைப் பற்றி எழுதும்போது ‘வலி மிகுந்தது’ என்றால் தலைவலி என்றே கொள்வார்கள். வலித்தல் இழுத்தலையும் குறிக்கும், அது மூன்றாவது குழப்பம். புகையிலைக்காரர்கள் பேச்சிலேயே காட்டம் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

செறிவு அதைவிடச் சிக்கல். கரைசலின் செறிவு, அமிலச் செறிவு என்று பள்ளியிலிருந்தே பழகிய சொல். ‘இச்சுருட்டு செறிவானது’ என்றால் என் மாணவர் நிகோடின் செறிவைத்தான் நினைப்பார். நிகோடினோ காட்டத்தைச் சேர்ந்தது. பிரிக்க நினைத்த இரண்டையும் அந்தச் சொல்லே ஒட்டிவைத்துவிடும். திண்மையை இயற்பியலார் எடுத்துக்கொண்டார்கள். அடர்த்தி என்றால் இலையை எவ்வளவு திணித்தார்கள் என்றாகும்.

மடல் 9 | சுருட்டு பிடிக்கும் உறுப்பினர்

> பாடி

கனம் போதாதா? புகையை வாயில் வைத்திருக்கும்போது தண்ணீருக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசம் போல நாக்குக்கு ஒன்று தெரியும். அதைத்தான் பாடி என்கிறார்கள். ‘கனமான புகை, காட்டம் குறைவு’ என்று சொன்னால் சுருட்டு தொடாதவருக்கும் விளங்கும். விலை குறைந்தவற்றில் நல்லதைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பதே இந்தச் சேர்க்கையைத்தான்.

மடல் 10 | அகராதித் தொகுப்பில் பணியாற்றியவர்

கனம் என்றால் தடிப்பு என்றும் பொருள். சுருட்டின் குறுக்களவை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக அளப்பார்கள். 50 என்று போட்டிருந்தால் 50/64 அங்குலம். அந்தப் பக்கத்தில் கனம் வந்தால் மோதும். அங்கே பருமன் என்றே எழுதுவதானால் எனக்கு மறுப்பில்லை.

செகண்ட்ஸுக்கு இரண்டாந்தரம் கூடவே கூடாது. மறுச்சுருட்டு என்று வைக்கலாம். நிலாவிலும் மறு உண்டு. மறு என்றால் இரண்டாவது என்றும் பொருள்.

மடல் 11 | வேதியியல் கற்பிப்பவர்

மறுபடி சுருட்டியது என்று படிக்க மாட்டார்களா?

மடல் 12 | மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்ப வேண்டும். மேலிலை, பிணையிலை, உள்ளிலை, நெட்டிலை, நறுக்கிலை, காட்டம், கனம், குறுக்களவுக்குப் பருமன். செகண்ட்ஸுக்கு ஒற்றைச் சொல் அமையவில்லை. ‘மேலிலையில் மறு உள்ளவை’ என்று விரித்தே எழுதுகிறேன். நறுக்கிலை பற்றிய பத்தியில் சாம்பல் உதிர்வதையும், மெதுவாகப் பிடித்தால் இனிப்பு வருவதையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்திருக்கிறேன். எடை போடுவது வாசகர் பாடு.

மடல் 13 | தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆயினும் நெட்டிலைக்கு இணை குற்றிலையே. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

மடல் 14 | வேர்ச்சொல் ஆர்வலர்

நானும்.